எட்டைத் தாண்டியதா குளோரின்?

மாணவர்களே, படிவம் 4 வேதியியல் பாடத்தில் நீங்கள் மனப்பாடம் செய்திருக்கும் விதிகளுள் முதன்மையானது எண்ம விதி. ஓர் அணு தன் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்களை வைத்துக்கொள்ள விரும்புகிறது. அதற்காக எலக்ட்ரானைக் கொடுக்கும், வாங்கும் அல்லது பகிர்ந்துகொள்ளும். 17ஆம் தொகுதியைச் சேர்ந்த குளோரினின் வெளிக்கூட்டில் ஏழு எலக்ட்ரான்கள் உள்ளன. குறைவது ஒன்றுதான். ஆகவே அது ஒரு பிணைப்பை மட்டும் ஏற்படுத்தும். ஹைட்ரஜன் குளோரைடும் குளோரின் வாயுவும் இந்தக் கணக்குக்குச் சரியாக ஒத்துவருகின்றன.

இப்போது ஒரு கேள்வி. ஒரு குளோரின் அணுவோடு மூன்று ஃபுளோரின் அணுக்கள் சேர்ந்த சேர்மம் ஒன்று உண்டு. அதன் பெயர் குளோரின் டிரைஃபுளோரைடு. ஐந்து ஃபுளோரின் சேர்ந்த குளோரின் பென்டாஃபுளோரைடும் உண்டு. அயோடினோ ஒருபடி மேலே போய் ஏழு ஃபுளோரின் அணுக்களைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. ஒரே ஓர் எலக்ட்ரான் குறைவாக உள்ள அணு ஏன் மூன்று, ஐந்து, ஏழு பேரோடு கைகோக்கிறது? நாம் படித்த விதி தவறா? படிப்படியாகப் பார்ப்போம்.

ஃபுளோரைடு வேறு, ஃபுளோரின் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 'ஃபுளோரின்' என்றதும் பலருக்குப் பற்பசையும் குழாய் நீரும் நினைவுக்கு வரும். மலேசியாவில் 1972 முதல் பொதுக் குடிநீரில் ஃபுளோரைடு சேர்க்கப்பட்டு வருகிறது. 2005இல் அதன் அளவு ஒரு லிட்டருக்கு 0.7 மில்லிகிராமிலிருந்து 0.5 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. பற்சிதைவைத் தடுப்பதே இதன் நோக்கம்.

நீரில் இருப்பது ஃபுளோரைடு அயனி. அது ஏற்கெனவே ஓர் எலக்ட்ரானைப் பெற்று, எட்டை நிறைவு செய்துகொண்டு அமைதியாக இருப்பது. ஃபுளோரின் வாயு அப்படியல்ல. அதன் ஒவ்வோர் அணுவும் இன்னோர் எலக்ட்ரானுக்காகத் துடித்துக்கொண்டிருக்கும். அதைத் தனிமைப்படுத்த முயன்ற பல வேதியியலாளர்கள் நஞ்சால் பாதிக்கப்பட்டனர். சிலர் உயிரையே இழந்தனர். கடைசியில் 1886ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் பிரான்சு நாட்டின் ஆன்றி மொய்சான் மின்பகுப்பு முறையில் அதைப் பிரித்தெடுத்தார். அந்தப் பணிக்காகவும் தாம் வடிவமைத்த மின்னுலைக்காகவும் 1906இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

ஃபுளோரினின் இந்த வேகத்துக்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, எலக்ட்ரான் கவர்தன்மை. பிணைப்பில் உள்ள எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் ஆற்றல் இது. ஃபுளோரினுக்கு இதன் மதிப்பு 4.0. எல்லாத் தனிமங்களிலும் இதுவே உயர்ந்தது. குளோரினுக்கு 3.2, புரோமினுக்கு 3.0, அயோடினுக்கு 2.7.

இரண்டாவது, அதன் சிறிய அளவு. பெரிய அணு ஒன்றைச் சுற்றி ஃபுளோரின் அணுக்கள் பல நெருக்கமாக நிற்க முடியும்.

மூன்றாவது, ஃபுளோரின் மூலக்கூற்றின் சொந்தப் பிணைப்பு பலவீனமானது. குளோரின் மூலக்கூற்றை உடைக்க ஒரு மோலுக்கு ஏறக்குறைய 242 கிலோஜூல் தேவை. ஃபுளோரினை உடைக்கச் சுமார் 158 கிலோஜூல் போதும். பிரிவது எளிது, பிரிந்தபின் வேறோர் அணுவைப் பற்றிக்கொள்வது அதைவிட எளிது.

ஒற்றைப்படைக் குடும்பம்

இரண்டு வெவ்வேறு ஹாலஜன்கள் சேர்ந்து உருவாகும் சேர்மங்களை ஹாலஜனிடைச் சேர்மங்கள் என்பர். அவற்றில் ஃபுளோரின் சேர்ந்தவற்றைக் கவனியுங்கள். குளோரின் 1, 3, 5 ஃபுளோரின்களோடு சேர்கிறது. புரோமினும் அவ்வாறே. அயோடின் 1, 3, 5, 7 வரை போகிறது. இரண்டு, நான்கு, ஆறு என்ற எண்ணிக்கையில் நிலையான சேர்மம் எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை.

ஏன் ஒற்றைப்படை மட்டும்? ஏழு எலக்ட்ரான்களை ஜோடி சேர்த்துப் பாருங்கள். மூன்று ஜோடி போக ஒன்று மிஞ்சும். அந்த ஒற்றை எலக்ட்ரான் முதல் ஃபுளோரினோடு பிணையும். அடுத்துப் பிணைய வேண்டுமானால் ஒரு ஜோடியைப் பயன்படுத்த வேண்டும். ஒரு ஜோடியில் இரண்டு எலக்ட்ரான்கள் இருப்பதால் ஒரே சமயத்தில் இரண்டு ஃபுளோரின்கள் சேரும். அதனால் 1, 3, 5, 7 என்று இரண்டிரண்டாக ஏறுகிறது.

குளோரின் டிரைஃபுளோரைடை 1930இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஓட்டோ ரூஃபும் அவருடைய சக ஆய்வாளரும் முதன்முதலில் அறிவித்தார்கள். அயோடின் ஹெப்டாஃபுளோரைடும் ரூஃபின் ஆய்வுக்கூடத்திலிருந்து அதே காலக்கட்டத்தில் வந்ததே. ஏழு ஃபுளோரின்கள் அயோடினோடு மட்டும் சேர்வதற்கு அளவு முக்கியக் காரணம். குளோரின் அணுவின் சகப்பிணைப்பு ஆரம் சுமார் 100 பிக்கோமீட்டர். அயோடினுடையது 130க்கும் மேல். சிறிய மேசையைச் சுற்றி ஏழு நாற்காலிகளைப் போட முடியாதல்லவா?

பலூன்களில் ஒரு சோதனை

இந்த மூலக்கூறுகள் என்ன வடிவில் இருக்கும்? இதை அறிய விலையுயர்ந்த கருவி வேண்டாம். பிரிக்ஃபீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவிலோ கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ ஒரு பாக்கெட் பலூன் வாங்கினால் போதும்.

இரண்டு பலூன்களை ஊதி, முடிச்சுகளை ஒன்றாகக் கட்டுங்கள். அவை எதிரெதிர்த் திசையில் நிற்கும். மூன்றைக் கட்டினால் சமதளத்தில் முக்கோணமாக விரியும். நான்கைக் கட்டினால் நான்முகி வடிவம். ஐந்தைக் கட்டினால் மூன்று பலூன்கள் இடுப்பைச் சுற்றியும், ஒன்று மேலேயும், ஒன்று கீழேயும் நிற்கும். இதுவே முக்கோண இருபிரமிடு. ஆறைக் கட்டினால் நான்கு இடுப்பைச் சுற்றி, மேலே ஒன்று, கீழே ஒன்று, இது எண்முகி. நீங்கள் அவற்றை அடுக்க வேண்டியதில்லை. ஒன்றை ஒன்று தள்ளி, தாமாகவே இடம் பிடித்துக்கொள்ளும்.

எலக்ட்ரான் ஜோடிகளும் இப்படித்தான். எல்லாமே எதிர்மின் சுமை கொண்டவை என்பதால் இயன்ற அளவு விலகி நிற்கப் பார்க்கும். இந்த எண்ணத்தை 1940இல் சிட்ஜ்விக், பாவெல் ஆகியோர் முன்வைத்தனர். 1957இல் கில்லெஸ்பி, நைஹோம் ஆகியோர் அதை விரிவாக்கினர். இதன் பெயர் இணைதிறன் கூட்டு எலக்ட்ரான் இரட்டை விலக்கக் கொள்கை. பெயர் நீளம், ஆனால் கருத்து பலூன் அளவுக்கு எளிது.

இதில் ஒரு கூடுதல் விதி உண்டு. பிணைப்பில் ஈடுபடாத ஜோடியைத் தனித்த இரட்டை என்கிறோம். பிணைப்பு ஜோடியை இரு அணுக்கருக்கள் இரு புறமும் இழுத்துப் பிடித்திருக்கும். தனித்த இரட்டையை ஒரே ஓர் அணுக்கரு மட்டுமே பிடித்திருப்பதால் அது அகலமாக விரிந்து, அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். உங்கள் சோதனையில் அதற்குச் சற்றுப் பெரிதாக ஊதிய வேறு நிறப் பலூனைப் பயன்படுத்துங்கள்.

டி எழுத்து, மடிந்த குடை, ஐங்கோணம்

குளோரின் டிரைஃபுளோரைடுக்கு வருவோம். குளோரினின் ஏழு எலக்ட்ரான்களில் மூன்று பிணைப்புக்குப் போகின்றன. மிச்சம் நான்கு, அதாவது இரண்டு தனித்த இரட்டைகள். மூன்று பிணைப்பும் இரண்டு தனித்த இரட்டையும் சேர்ந்தால் ஐந்து. எனவே அடிப்படை வடிவம் முக்கோண இருபிரமிடு.

தனித்த இரட்டைகள் எங்கே உட்காரும்? மேலே அல்லது கீழே உட்கார்ந்தால் 90 பாகையில் மூன்று பேர் நெருக்குவார்கள். இடுப்பில் உட்கார்ந்தால் 90 பாகையில் இரண்டு பேர் மட்டுமே. மற்ற இருவரும் 120 பாகை தள்ளி இருப்பார்கள். அகலமான தனித்த இரட்டைகள் வசதியான இடுப்பையே தேர்ந்தெடுக்கின்றன. ஃபுளோரின்களுக்கு மேல் ஒன்று, கீழ் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று இடம் கிடைக்கிறது. அணுக்களை மட்டும் பார்த்தால், படுக்கவைத்த ஆங்கில 'டி' எழுத்துப் போன்ற வடிவம்! அதிலும் கோணம் சரியாக 90 பாகை இல்லை. தனித்த இரட்டைகள் தள்ளுவதால் 87.5 பாகையாகக் குறைகிறது. புரோமின் டிரைஃபுளோரைடும் இதே வடிவம்தான்; அதில் கோணம் சுமார் 86 பாகை.

அடுத்து, புரோமின் பென்டாஃபுளோரைடு. ஐந்து பிணைப்பு, ஒரு தனித்த இரட்டை. மொத்தம் ஆறு; எனவே எண்முகி. ஒரு மூலையைத் தனித்த இரட்டை எடுத்துக்கொள்வதால் மீதி ஐந்தும் சதுரப் பிரமிடு ஆகின்றன. அடியிலுள்ள தனித்த இரட்டை நான்கு ஃபுளோரின்களையும் மேல்நோக்கித் தள்ளுகிறது. மழைக்காற்றில் மேலே மடிந்துபோன குடையின் கம்பிகளைப் போல அவை சற்று உயர்ந்து நிற்கின்றன. கோணம் சுமார் 85 பாகை.

அயோடின் ஹெப்டாஃபுளோரைடில் ஏழு எலக்ட்ரான்களும் பிணைப்பில் உள்ளன. தனித்த இரட்டை இல்லை. ஐந்து ஃபுளோரின்கள் இடுப்பைச் சுற்றி ஐங்கோணமாகவும், இரண்டு மேலும் கீழுமாகவும் நிற்கும் ஐங்கோண இருபிரமிடு இது.

பிணைப்பு எப்படி உண்டாகிறது?

வடிவம் புரிந்தது. ஆனால் முதற்கேள்வி அப்படியே நிற்கிறது. குளோரின் டிரைஃபுளோரைடை எலக்ட்ரான் புள்ளிகளால் வரைந்து பாருங்கள். மூன்று பிணைப்பு ஜோடியும் இரண்டு தனித்த இரட்டையும் சேர்ந்து, குளோரினைச் சுற்றிப் பத்து எலக்ட்ரான்கள் வரும். எட்டு தாண்டிவிட்டதே!

பழைய பாடநூல்கள் இதற்கு ஒரு விடை சொல்லின. குளோரினின் மூன்றாம் கூட்டில் காலியான டி-ஆர்பிட்டால்கள் உள்ளன. கூடுதல் எலக்ட்ரான்கள் அங்கே போய்த் தங்குகின்றன என்பதே அது. பின்னர் கணினி வழியாகச் செய்யப்பட்ட நுட்பமான கணக்கீடுகள் வேறு விதமாகக் காட்டின. அந்த ஆர்பிட்டால்களின் ஆற்றல் மிக உயரத்தில் இருப்பதால் பிணைப்பில் அவற்றின் பங்கு மிகச் சிறியது.

அப்படியானால் உண்மையில் நடப்பது என்ன? 1951ஆம் ஆண்டையொட்டி ரண்டில், பிமென்டல் ஆகியோர் முன்வைத்த விளக்கம் இன்று பரவலாக ஏற்கப்படுகிறது. அதன் பெயர் மூன்று மைய நான்கு எலக்ட்ரான் பிணைப்பு.

டி எழுத்தின் நீண்ட கோட்டைப் பாருங்கள். ஃபுளோரின், குளோரின், ஃபுளோரின் என மூன்று அணுக்கள் ஏறக்குறைய ஒரே நேர்க்கோட்டில் உள்ளன. குளோரின் ஒரு ஜோடி எலக்ட்ரானைக் கொடுக்கிறது. இரண்டு ஃபுளோரின்களும் தலா ஓர் எலக்ட்ரானைக் கொடுக்கின்றன. மொத்தம் நான்கு. இவற்றில் இரண்டு எலக்ட்ரான்கள் மூன்று அணுக்கள் மீதும் பரவி நின்று, மூன்றையும் ஒன்றாகக் கட்டுகின்றன. மற்ற இரண்டும் இரு ஓரங்களிலும் உள்ள ஃபுளோரின்களிடமே போய்த் தங்கிவிடுகின்றன. அவை கட்டவும் இல்லை, பிரிக்கவும் இல்லை.

இப்போது குளோரினின் கணக்கை மீண்டும் எழுதுவோம். தனித்த இரட்டைகள் இரண்டு, அதாவது 4 எலக்ட்ரான்கள். டி எழுத்தின் காலில் உள்ள சாதாரணப் பிணைப்புக்கு 2. நீண்ட கோட்டில் பகிரப்படும் ஜோடிக்கு 2. மொத்தம் எட்டு! பத்தில் கூடுதலாகத் தெரிந்த இரண்டும் குளோரினிடம் இல்லை. ஓரத்து ஃபுளோரின்களிடம் உள்ளன. எட்டைத் தாண்டியதாகத் தோன்றியது, நாம் புள்ளிகளை வரைந்த முறையால் வந்தது.

ஃபுளோரின் ஏன் இந்த வேலைக்குச் சிறந்தது என்பதும் இங்கே விளங்குகிறது. கூடுதல் எலக்ட்ரான்களைத் தன்னிடம் வைத்துக்கொள்ள, ஓரத்து அணுவுக்கு வலுவான ஈர்ப்பு வேண்டும். ஹைட்ரஜனுக்கு அந்த வலு இல்லை. அதனால்தான் ஒரு குளோரினோடு மூன்று ஹைட்ரஜன் சேர்ந்த சேர்மத்தை நீங்கள் எந்தப் பாடநூலிலும் பார்த்ததில்லை.

அளந்து பார்த்தால் தெரியும்

நல்ல விளக்கம் என்றால் அதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்க வேண்டும். நீண்ட கோட்டில் ஒரு ஜோடியை இரண்டு பிணைப்புகள் பகிர்ந்துகொள்கின்றன. அதாவது ஒவ்வொன்றும் அரைப் பிணைப்பு போன்றது. அரைப் பிணைப்பு பலவீனமாகவும் நீளமாகவும் இருக்க வேண்டும். டி எழுத்தின் கால் முழுப் பிணைப்பு. அது குட்டையாக இருக்க வேண்டும்.

அளவீடுகள் இதையே சொல்கின்றன. குளோரின் டிரைஃபுளோரைடில் கால் பகுதியின் நீளம் சுமார் 160 பிக்கோமீட்டர். நீண்ட கோட்டில் உள்ள இரண்டும் சுமார் 170 பிக்கோமீட்டர். புரோமின் பென்டாஃபுளோரைடிலும் உச்சியிலுள்ள ஒற்றைப் பிணைப்பே குட்டை. அடியிலுள்ள நான்கும் நீளம். அந்த நான்கும் இரண்டு நேர்க்கோடுகளாக எதிரெதிரே நிற்பதைக் கவனியுங்கள்.

அயோடின் ஹெப்டாஃபுளோரைடு இன்னும் சுவையானது. அங்கே மேலும் கீழும் உள்ள இரண்டும் முழுப் பிணைப்புகள். இடுப்பைச் சுற்றியுள்ள ஐந்து பிணைப்புகளோ இரண்டே ஜோடிகளைப் பங்கிட்டுக்கொள்கின்றன. எனவே இம்முறை இடுப்பில் உள்ளவைதாம் நீளமாக இருக்க வேண்டும். அளவீட்டில் மேல், கீழ்ப் பிணைப்புகள் சுமார் 179 பிக்கோமீட்டர். இடுப்பில் உள்ளவை சுமார் 186. அயோடினின் கணக்கும் எட்டுதான்: முழுப் பிணைப்பு இரண்டுக்கு 4, இடுப்பில் பகிரப்படும் இரண்டு ஜோடிகளுக்கு 4.

இவை எங்கே பயன்படுகின்றன?

அரைப் பிணைப்பு பலவீனமானது என்றோம். அப்படியானால் அதிலுள்ள ஃபுளோரின் எளிதில் கழன்று வேறொன்றைப் பிடிக்கும். குளோரின் டிரைஃபுளோரைடின் மூர்க்கத்துக்கு இது ஒரு காரணம். அதன் கொதிநிலை சுமார் 12 பாகை செல்சியஸ்; நம் கோலாலம்பூர் வெப்பத்தில் அது வாயுவாகவே இருக்கும். மரம், துணி, நீர், மணல், காங்கிரீட் என எதையும் அது விட்டுவைப்பதில்லை. அதனால் எழும் தீயை நீர் ஊற்றி அணைக்க முடியாது. நீரோடும் அது சீறிக்கொண்டு வினைபுரியும்.

இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனி இதைத் தீமூட்டும் ஆயுதமாக்க முயன்றது. பிறகு அமெரிக்காவில் இதை ராக்கெட் எரிபொருளோடு பயன்படுத்த ஆராய்ந்தார்கள். லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட்டில் ஏறக்குறைய ஒரு டன் அளவு சிந்தியபோது, அது சுமார் 30 சென்டிமீட்டர் காங்கிரீட்டைத் துளைத்து, அதன் கீழே சரளைக் கற்களிலும் 90 சென்டிமீட்டர் ஆழக் குழி பறித்தது என்று ராக்கெட் வேதியியலாளர் ஜான் கிளார்க் 1972இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார்.

பிறகு அதை எதில் வைப்பார்கள்? நிக்கல், எஃகு, செம்பு போன்ற உலோகங்களில்தான். முதலில் அது உலோகத்தோடு வினைபுரிந்து மெல்லிய ஃபுளோரைடுப் படலத்தை உண்டாக்கும். அந்தப் படலமே பிறகு உலோகத்தைக் காக்கும். அலுமினியப் பாத்திரத்தை அதன் ஆக்சைடு படலம் காப்பதைப் படித்திருப்பீர்களே, அதே உத்திதான். ஆனால் பாத்திரம் சுத்தமாக இருக்க வேண்டும். படலத்தில் விரிசல் விழக்கூடாது.

இந்த மூர்க்கத்தையே தொழில்துறை பயனுள்ளதாக்கிக்கொண்டது. நம் நாட்டில் கெடா மாநிலத்தின் கூலிம் வட்டாரத்தில் சிலிக்கான் சில்லுகளுக்கான தகடுகளைத் தயாரிக்கும் ஆலைகள் இருப்பதை அறிவீர்கள். இத்தகைய ஆலைகளில் தகட்டின்மேல் மெல்லிய படலங்களைப் படியவைக்கும்போது, அந்த அறையின் சுவர்களிலும் சிலிக்கான் படிந்துவிடும். அதை அகற்ற ஃபுளோரின் கொண்ட வாயுக்கள் உதவுகின்றன. உலகின் சில ஆலைகளில் குளோரின் டிரைஃபுளோரைடும் பயன்படுகிறது. சிலிக்கானோடு அது வினைபுரிந்தால் சிலிக்கான் டெட்ராஃபுளோரைடு என்ற வாயு உண்டாகும். திடப்பொருள் வாயுவாக மாறியதும் உறிஞ்சி வெளியேற்றிவிடலாம். சுரண்டித் தேய்க்க வேண்டிய வேலையே இல்லை. பயிற்சி பெற்றவர்கள் மூடிய குழாய்களுக்குள் செய்யும் வேலை இது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் இதற்கு இடமில்லை.

தேர்வில் என்ன எழுதுவது?

'அப்படியானால் எண்ம விதியை நம்பலாமா, சார்?' என்று நீங்கள் கேட்கலாம். நம்பலாம், ஆனால் அது எதற்கான விதி என்று தெரிந்து நம்புங்கள். எஸ்பிஎம் பாடத்தில் வரும் நீர், அம்மோனியா, கார்பன் டைஆக்சைடு போன்ற சகப்பிணைப்புச் சேர்மங்களுக்கும், மலாய்ப் பாடநூலில் 'இக்காத்தான் கோவாலென்' என்று நீங்கள் படிக்கும் பகுதி முழுவதற்கும் அது நம்பகமான வழிகாட்டி. 'ஒரு பிணைப்புக்கு எப்போதும் முழுதாக ஒரு ஜோடி எலக்ட்ரான் வேண்டும்' என்ற நம் எண்ணம்தான் ஹாலஜன் ஃபுளோரைடுகளில் தடுமாறுகிறது. ஒரு சேர்மம் விதிக்கு அடங்காதபோது விதியைத் தூக்கி எறிவதற்கு முன், நாம் கணக்கிட்ட முறையை ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

இப்போது உங்களுக்கு ஒரு பயிற்சி. மந்த வாயுக்கள் எதனோடும் சேராது என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1962இல் நீல் பார்ட்லெட் செனான் சேர்ந்த சேர்மத்தை உருவாக்கி அந்த நம்பிக்கையை உடைத்தார். அதே ஆண்டில் செனான் டெட்ராஃபுளோரைடும் உருவாக்கப்பட்டது. செனானின் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள். அதோடு நான்கு ஃபுளோரின்கள் சேர்கின்றன. பலூன்களை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வடிவம் என்ன? நான்கு பிணைப்புகளின் நீளமும் ஒன்றாக இருக்குமா?

(விடை: நான்கு பிணைப்பு, இரண்டு தனித்த இரட்டை, மொத்தம் ஆறு. தனித்த இரட்டைகள் ஒன்றுக்கொன்று எதிரே மேலும் கீழும் நிற்கும். ஃபுளோரின்கள் நான்கும் ஒரே தளத்தில் சதுரமாக அமையும். இரண்டு நேர்க்கோடுகளும் ஒரே வகையான பகிர்வு என்பதால் நான்கு பிணைப்புகளும் ஒரே நீளம்.)